ஓடாத காரும் ஓய்வு பெற்ற அப்பாக்களும்

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது கார் வாங்காதீங்கன்னு உபதேசம் பண்ற பதிவு இல்ல. வாங்கினவங்க நல்லா இருங்க. வாங்கின காருக்கு ஒரு கவரைப் போட்டு மூடிட்டு, மாசக்கணக்கா வெயில்ல காய விட்டுட்டு, "அது பாட்டுக்கு நிக்குது, சோறா கேக்குது?"ன்னு ஒரு கூட்டம் சொல்லுது பாருங்க, அந்தக் கூட்டத்தோட சண்டை போடத்தான் இந்தப் பதிவு.

அது சோறு கேக்குதுங்க. நின்னாலும் கேக்குது. அதுவும் நம்ம ஊர் வெயில்ல நின்னா இன்னும் கூடுதலா கேக்குது. அந்தச் சோத்தைப் போடற வேலையை நைசா வீட்ல இருக்கற பெரியவங்க தலையில கட்டிட்டு நாம பிளேன் ஏறிடறோம்.

எங்க அபார்ட்மெண்ட்ல இருபத்திச் சொச்சம் வீடு. கீழ பார்க்கிங்ல எப்பவும் அஞ்சாறு கார் கவருக்குள்ளயே இருக்கும். ரெண்டு மூணு வண்டியோட ஓனர் என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்க, ஆன்சைட் போயிட்டாங்க. ஒருத்தர் மெட்ரோல ஆபீஸ் போறவர். இன்னொருத்தர் வீட்லேர்ந்தே ஆணி புடுங்கறவர், மாசம் ஒரு கல்யாணம் வந்தா எடுப்பார். மீதி, "அப்பா ஆசையா வாங்கினது" வகை. இந்தக் கூட்டத்துக்குப் பொதுவான ஒரே பராமரிப்பு முறை என்ன தெரியுமா? வாராவாரம் ஞாயித்துக்கிழமை ஒரு போன்.

"அப்பா, காரை ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன்டா, அஞ்சு நிமிஷம் ஓட விட்டேன்."

"சூப்பர்ப்பா."

ஒண்ணும் சூப்பர் இல்ல. எப்படின்னு சொல்றேன். நான் ட்ரிபிள் ஈ படிச்சுட்டு சாஃப்ட்வேருக்கு வந்தவன். படிச்சதுல உருப்படியா மிச்சம் இருக்கறது கொஞ்சம் கணக்குதான், அதை இங்க இறக்கி வைக்கறேன்.

அஞ்சு நிமிஷ ஸ்டார்ட் கணக்கு

சாவியை எடுத்துட்டாலும் கார் முழுசா தூங்கறதில்ல. அலாரம், சென்ட்ரல் லாக், கடிகாரம், உள்ள இருக்கற கம்ப்யூட்டர்னு ஒவ்வொண்ணும் துளித்துளியா கரண்டு குடிச்சுட்டே இருக்கும். சாதாரண வண்டில இது 20லேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரைக்கும் இருக்கும். நடுவுல 30னு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் அவர், ஒரு வாரத்துக்கு சுமார் 5 ஆம்பியர் அவர். சின்னக் கார்ல இருக்கற பேட்டரியோட மொத்த கொள்ளளவே 35 ஆம்பியர் அவர்தான்.

இப்ப அப்பா அஞ்சு நிமிஷம் ஓட விடறார். ஐட்லிங்ல ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு 15 ஆம்பியர் குடுக்குதுன்னு தாராளமாவே வச்சுக்கலாம். அஞ்சு நிமிஷத்துக்கு 1.25 ஆம்பியர் அவர். போனது 5, வந்தது 1.25. நம்ம சம்பளமும் செலவும் மாதிரியே இருக்கு, இல்ல? இப்படியே ஏழெட்டு வாரம் போனா ஒரு ஞாயித்துக்கிழமை "டிக் டிக்"னு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். 2020ல ஊரடங்கு முடிஞ்சு காரைத் தொட்டப்ப நிறைய பேர் இந்த டிக் டிக்கைத்தான் கேட்டாங்க.

இதுல வெயிலோட பங்கு தனி. லெட் ஆசிட் பேட்டரி ஒயரையெல்லாம் கழட்டி வச்சாலும் தானாவே சார்ஜ் இழக்கும். வெப்பம் பத்து டிகிரி ஏறினா அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அரைகுறை சார்ஜோட கிடந்தா உள்ள தகட்டுல சல்பேட் படிஞ்சு இறுகிடும், அப்புறம் சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. குளிர்தான் பேட்டரிக்கு எமன்னு இங்லீஷ் படம் பாத்து நினைச்சுட்டு இருக்கோம். குளிர் அதை அன்னைக்குக் காலைல மக்கர் பண்ண வைக்கும். ஆயுசைக் குறைக்கறது வெயில்தான்.

அஞ்சு நிமிஷ ஸ்டார்ட்டுல இன்னொரு கூத்து இருக்கு. பெட்ரோல் எரிஞ்சா தண்ணி உண்டாகும், இது பிளஸ் டூ கெமிஸ்ட்ரி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி. இன்ஜின் நல்லா சூடாகி வண்டி ஓடினா அது ஆவியா வெளில போயிடும். அஞ்சு நிமிஷத்துல ஆஃப் பண்ணினா ஒரு பகுதி சைலன்சர்லயும் இன்ஜின் ஆயில்லயும் தங்கிடும். ஆக, அப்பா பாசமா வாராவாரம் சைலன்சருக்குள்ள தண்ணி ஊத்திட்டு இருக்கார். துருப்பிடிக்காம என்ன செய்யும்?

இதைவிட முக்கியமா ஒண்ணு. தனி வீட்ல ஷட்டர் போட்ட ஷெட்டுக்குள்ள வண்டி நிக்குதுன்னா, ஷட்டரை மூடி வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. தலை சுத்தும்போது "வெயில்ல வந்த மயக்கம்"னு நினைச்சு அங்கயே உக்காந்துடுவாங்க. எழுபது வயசுக்காரரை ஒரு எந்திரத்துக்குக் காவல் வைக்கறோம்னா இதையாவது சொல்லிட்டுப் போகணும். எத்தனை பேர் சொல்லிட்டுப் போறோம்?

வெயில் காருக்குள்ள என்ன பண்ணுது

அமெரிக்காவுல அரிசோனான்னு ஒரு மாநிலம், நம்ம வேலூருக்குப் பங்காளி. அங்க இருக்கற பல்கலைக்கழகத்துல 2018ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. கோடை வெயில்ல ஒரு மணி நேரம் நின்ன காருக்குள்ள காத்து சராசரியா 47 டிகிரி செல்சியஸ், ஸ்டியரிங் 53, டேஷ்போர்டு 69. நிழல்ல நின்ன காருக்குள்ள காத்து 38, டேஷ்போர்டு 48. டேஷ்போர்டுல மட்டும் நிழலுக்கும் வெயிலுக்கும் 21 டிகிரி வித்தியாசம். பிளாஸ்டிக் வெளுத்து வெடிக்கறதும், கதவு ரப்பர் காஞ்சு போறதும், சீட் உரியறதும் இதனாலதான். அதனால செலவு பண்றதுன்னா முதல் செலவு நிழலுக்குப் பண்ணுங்க. பாலிஷ், கோட்டிங் எல்லாம் அப்புறம்.

கவர் விஷயத்துலயும் நம்மாளுங்க மழைக்கோட்டு மாதிரி பிளாஸ்டிக் கவரா பாத்து வாங்கறாங்க. சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல அது வண்டிக்கு வேக்காடு. ராத்திரி ஈரம் உள்ள மாட்டிக்கும், காலைல வெயில் ஏறினா இட்லி குண்டான் கணக்கா ஆயிடும். காத்து போற துணி கவர்தான் சரி. அதையும் கழுவித் துடைச்ச வண்டி மேல போடணும். தூசி மேல போட்டா காத்துல ஆடி ஆடி உப்புத்தாள் வேலை பார்க்கும்.

டயர்: தேயாம சாகற ஜாதி

நான் நிஜமாவே பயப்படற இடம் இது.

நம்மாளு ரெண்டு வருஷம் கழிச்சு லீவுக்கு வர்றார். மூணு வாரம்தான் லீவு. பேட்டரியை மாத்தறார், தண்ணி அடிச்சுக் கழுவறார், டயரைப் பாக்கறார். பட்டன் பூரா அப்படியே இருக்கு, புது டயர் மாதிரி. அப்பா, அம்மா, பொண்டாட்டி, குழந்தை எல்லாரையும் ஏத்திக்கிட்டு மே மாச மத்தியானம் திருச்சி ஹைவேல நூறுல போறார், குலதெய்வம் கோயிலுக்கு.

ரப்பர் ஓடித்தான் கெடும்னு யார் சொன்னது? வெயில், காத்துல இருக்கற ஓசோன், புற ஊதாக் கதிர் எல்லாம் நின்ன இடத்துலயே அதைக் கெட்டியாக்கி விரிசல் விட வைக்கும். ஓடற டயர்ல உள்ள கலந்திருக்கற பாதுகாப்பு ரசாயனம் வளைஞ்சு நெளிஞ்சு மேல்பரப்புக்கு வந்துட்டே இருக்கும். நிக்கற டயருக்கு அந்தக் குடுப்பினை கம்மி. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் ஒண்ணு அச்சாகியிருக்கும். 2317னு இருந்தா 2017ஆம் வருஷத்தோட 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பெரிய டயர் கம்பெனிகளே பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பத்து வருஷத்துல மாத்திடச் சொல்றாங்க. வருஷம் பூரா வெயில்ல நிக்கற வண்டிக்கு அவ்வளவு தூரம்கூடப் போகாதீங்கன்னு நான் சொல்வேன். அஞ்சாறு வருஷம் தாண்டிட்டா ஹைவே ஏறுறதுக்கு முன்னாடி டயர் கடைல ஒருத்தர்கிட்ட காட்டிடுங்க. ரெண்டு டயர் காசை மிச்சம் பிடிக்கற இடமா அது?

பெட்ரோலும் பழசாகும்

முன்னெல்லாம் டேங்க்ல பெட்ரோல் மாசக்கணக்கா கிடந்தாலும் பெருசா கவலைப்பட மாட்டோம். இப்ப நம்ம பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்து வருது. 2023ல சில பங்க்ல ஆரம்பிச்சு 2025க்குள்ள நாடு முழுக்கப் பரவிடுச்சு. எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கற பார்ட்டி. பாதி காலியா இருக்கற டேங்க் பகல்ல சூடாகி மூச்சு விடும், ராத்திரி குளிர்ந்து மூச்சு இழுக்கும். ஒவ்வொரு மூச்சுலயும் கொஞ்சம் ஈரம் உள்ள வரும், சீக்கிரம் ஆவியாகற சரக்கு வெளில போகும். 2023 ஏப்ரலுக்கு முந்தின வண்டிகள்ல நிறைய இந்த 20 சதவீதக் கலவையை மனசுல வச்சு செஞ்சதில்லைங்கறது கூடுதல் தலைவலி. ரெண்டு மூணு மாசம் நிக்கப் போகுதுன்னா டேங்கை நிரப்பி வைங்க, மேல காத்துக்கு இடம் இல்லாம. பங்க்ல தானா கட் ஆனதோட நிறுத்திக்கோங்க, வெயில்ல பெட்ரோல் விரியும். அதுக்கு மேல மாசக்கணக்கா நிக்கும்னா டேங்க்கைப் பத்தி யோசிக்காதீங்க, விக்கறதைப் பத்தி யோசிங்க. அதுக்குத்தான் வரேன்.

குழந்தைகள்

இந்தப் பகுதியை எழுத எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இதை விட்டுட்டு பேட்டரி கணக்கு சொல்றதுல அர்த்தமே இல்ல.

2022 ஜூன்ல திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கத்துல, வீட்டுக்கிட்ட நிறுத்தியிருந்த காருக்குள்ள விளையாடப் போன மூணு குழந்தைங்க வெளிய வர முடியாம இறந்து போனாங்க. 2025 மே மாசம் ஆந்திராவுல விஜயநகரம் பக்கத்துல அதே மாதிரி நாலு குழந்தைங்க. ரெண்டுமே விபத்துல மோதின கார் இல்ல. சும்மா நின்ன கார்.

2005ல ஸ்டான்ஃபோர்டு டாக்டர்கள் ஒரு ஆராய்ச்சில அளந்து சொன்னாங்க: மூடின காருக்குள்ள ஒரு மணி நேரத்துல சுமார் 22 டிகிரி செல்சியஸ் ஏறுது, அதுல 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்துலயே ஏறிடுது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வச்சாலும் பெரிய வித்தியாசம் இல்ல. வெளில 36 டிகிரின்னா உள்ள என்ன ஆகும்னு நீங்களே கூட்டிக்கோங்க. சின்னக் குழந்தையோட உடம்பு பெரியவங்களைவிட ரொம்ப வேகமா சூடாகும். பின் கதவுல சைல்ட் லாக் போட்டிருந்தா உள்ளேர்ந்து திறக்கவே வராது. கவர் போட்டிருந்தா வெளிலேர்ந்து பாக்கறவங்களுக்கும் தெரியாது.

தினமும் ஓடற காரை நாம தினமும் பூட்டறோம். ஓடாத காரைத்தான் "யார் எடுத்துட்டுப் போகப் போறா"ன்னு பூட்டாம விடறோம். இல்லாட்டி பேட்டரி செத்து சென்ட்ரல் லாக் வேலை செய்யாம திறந்தே கிடக்குது, சாவியோ டிவிக்குப் பக்கத்துல ஆணில தொங்குது. உங்க வீட்ல குழந்தை இல்லாம இருக்கலாம், தெருவுல இருக்குமே? நாலு கதவும் டிக்கியும் பூட்டியிருக்கான்னு கையால இழுத்துப் பாருங்க. சாவியை எட்டாத இடத்துல வைங்க. தெருவுல ஒரு குழந்தையைக் காணோம்னா, தேட ஆரம்பிக்கும்போதே பக்கத்துல நிக்கற காரையெல்லாம் கவரைத் தூக்கிப் பாக்கச் சொல்லுங்க.

"இருக்கட்டும், சொத்துதானே?"

கிடையாது. இன்ஷூரன்ஸ் பேப்பரை எடுத்துப் பாருங்க, ஐடிவின்னு ஒண்ணு இருக்கும், உங்க காருக்கு அவங்க ஒத்துக்கற மதிப்பு. அதுக்கான தேய்மான அட்டவணைல கிலோமீட்டர்ங்கற பேச்சே இல்ல, வயசு மட்டும்தான். ஒரு வருஷம் தாண்டி ரெண்டு வருஷத்துக்குள்ள 20 சதவீதம் கழிப்பாங்க, நாலு தாண்டி அஞ்சுக்குள்ள 50 சதவீதம். 8 லட்ச ரூபா கார்னு வச்சுக்கோங்க. ரெண்டாவது வருஷத்துல விட்டுட்டு மூணு வருஷ ஆன்சைட் போறீங்க. போகும்போது 6.4 லட்சம், வரும்போது 4 லட்சம். நடுவுல 2.4 லட்சம் கரைஞ்சுது, அதாவது மாசம் 6,600 ரூபாய்க்கு மேல. இன்ஷூரன்ஸ், பேட்டரி, டயர் எல்லாம் இதுல சேராது. செகண்ட் ஹேண்ட் சந்தைல கிலோமீட்டர் கம்மின்னா கொஞ்சம் கூடக் கிடைக்கும், மறுக்கல. ஆனா ஓடாத வண்டின்னு தெரிஞ்சா விவரமான மெக்கானிக் உதட்டைப் பிதுக்குவார், அதையும் சேத்துக்கோங்க. அந்த மாசம் 6,600க்கு உங்க அப்பா அம்மா டாக்சி வச்சுக்கிட்டு எங்கெல்லாம் போயிட்டு வரலாம்! எழுபது வயசுல அவருக்குத் தேவை நேரத்துக்கு வர்ற வண்டி. ஜாக்கியும் ஜம்பர் கேபிளும் இல்ல.

"அவசரத்துக்கு ஆகுமேப்பா"ன்னு ஒரு வாதம் வரும். நியாயமான வாதம்தான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலின்னா, மூணு மாசமா ஸ்டார்ட் பண்ணாத காரை நம்பி அதுக்குள்ள ஏறுவீங்களா, 108க்கு அடிப்பீங்களா? அவசரத்துக்கு உதவற கார்னா அது வாராவாரம் ஓடற கார்தான்.

"அப்பா ஆசையா வாங்கினது"ங்கறதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல. அது கணக்குல வராத விஷயம். அப்படிப்பட்ட காரை வச்சுக்கோங்க, ஆனா ஆசையா வாங்கினதை ஆசையா பாத்துக்கணும். கவரைப் போட்டு மறக்கறதுக்குப் பேர் ஆசை இல்ல.

சரி, என்னதான் பண்ணச் சொல்ற?

ஊர்ல யாராவது ஓட்டறவங்க இருந்தா: வாரம் ஒரு தடவை, போனாப் போகுது ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அரை மணி நேரமாவது நிஜமா ரோட்ல ஓட்டச் சொல்லுங்க. பதினஞ்சு, இருபது கிலோமீட்டர். ஏசியை கடைசி பத்து நிமிஷமாவது போடணும், கம்ப்ரசர் சீல் காயாம இருக்கும். நல்ல பிரேக்கா நாலு பிடிச்சா டிஸ்க்ல இருக்கற துருவும் போயிடும். இது போதும், வேற வைத்தியமே வேணாம்.

யாரும் இல்ல, ரெண்டு மூணு மாசம் நிக்கும்னா: கழுவித் துடைச்சு, நிழல்ல சமதளமா நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக் போடாதீங்க, ஒட்டிக்கும். கியர்ல விட்டு (ஆட்டோமேட்டிக்னா பார்க்கிங்ல) சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் செங்கல் வைங்க. டயர்ல வழக்கத்தைவிட மூணு நாலு பாயிண்ட் காத்து கூட, ஆனா டயர்ல போட்டிருக்கற உச்ச அளவைத் தாண்டாம. உள்ள பிஸ்கட் துண்டுகூட இருக்கக் கூடாது, எலி வந்தா ஒயரிங் செலவுல பாதி சம்பளம் போயிடும். கடைசியா பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டே கதவெல்லாம் லாக் பண்ணிட்டு, அப்புறம் பேட்டரியோட நெகட்டிவ் ஒயரைக் கழட்டி, பானெட்டை மூடுங்க. பெரும்பாலான சின்னக் கார்ல பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒண்ணு போதும். திரும்ப எடுக்கறதுக்கு முன்னாடி டயர் காத்தை சரியான அளவுக்குக் கொண்டு வாங்க, பானெட்டைத் திறந்து எலிக்கூடு, பூனைக்குட்டி இருக்கான்னு பாத்துட்டு ஒயரை மாட்டுங்க. சென்னைக்காரங்களுக்கு ஒரு உபரி: அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்னா நவம்பர், டிசம்பர்ல மேல கொண்டு வந்துடுங்க. 2015, 2023 ரெண்டையும் மறந்துடாதீங்க. தண்ணிக்குள்ள முங்கின வண்டியை ஸ்டார்ட் மட்டும் பண்ணிடவே கூடாது, டோ பண்ணித்தான் எடுக்கணும்.

ஓடலைன்னாலும் இன்ஜின் ஆயில் வருஷம் ஒரு தடவை, பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடணும். இன்ஷூரன்ஸையும் விட்டுடாதீங்க. தெருவுல நிறுத்தினா அது பொது இடம்தான். பாலிசி முடிஞ்சு 90 நாளைக்குள்ள புதுப்பிக்கலைன்னா சேத்து வச்ச நோ க்ளெய்ம் போனஸும் காலி.

ஆறு மாசத்துக்கு மேல, ஓட்ட ஆளும் இல்லைன்னா: வித்துடுங்க. நோ க்ளெய்ம் போனஸுக்கு சர்டிபிகேட் வாங்கி வச்சுக்கிட்டா மூணு வருஷத்துக்குள்ள வாங்கற புது காருக்கு அது செல்லும். தம்பி, மச்சான்னு நிஜமா ஓட்டறவன் எவனாவது இருந்தா அவனுக்குக் குடுத்துடுங்க. கார் அப்பதான் கார்.

இதைப் படிக்கறவங்கள்ல பாதி பேர் சிங்கப்பூர்லயோ, துபாய்லயோ, நியூஜெர்சிலயோ இருப்பீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது "ஸ்டார்ட் பண்ணீங்களா"வை மட்டும் விட்டுடுங்க. டயர்ல இருக்கற நாலு நம்பரைப் படிச்சு சொல்லச் சொல்லுங்க, கதவு பூட்டியிருக்கான்னு இழுத்துப் பாக்கச் சொல்லுங்க. முக்கியமா, "இந்த வண்டி உங்களுக்கு உபயோகமா இருக்கா, உபத்திரவமா இருக்கா?"ன்னு கேளுங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க. பையன் வாங்கின கார் பாருங்க.

பி.கு: மெக்கானிக்கல் படிச்ச மக்கள் யாராவது "ட்ரிபிள் ஈக்காரனுக்கு டயர் பத்தி என்ன தெரியும்"னு கெளம்பி வருவீங்கன்னு தெரியும். வாங்க, தாராளமா கும்முங்க. ஆனா முதல்ல கீழ போய் உங்க வண்டிக் கதவை இழுத்துப் பாத்துட்டு வாங்க.